குதிரை போட்ட பாதை

"நல்லா நடங்க. ஆனா ஏறாதீங்க, இறங்காதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் என் வலது மூட்டில் ஊசி போட்டு அனுப்பியிருந்தார். அந்த உத்தரவோடு மான்செஸ்டரில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். சனி ஞாயிறுக்கு வேல்ஸ் போகலாமா என்றாள். வேல்ஸ் என்றால் மலை, மலை என்றால் எனக்கு நாற்காலி என்று சொல்லிவிட்டேன்.

"மலைதாம்ப்பா. ஆனா மலைக்கு நடுவுல ஒரு ஏத்தம்கூட இல்லாத பாதை இருக்கு. பதினெட்டு கிலோமீட்டர். வாய்க்கால் கரை."

நான் நம்பவில்லை. கூட வந்திருந்த அத்தான் உடனே நம்பிவிட்டார். அத்தான் என் அக்காவின் கணவர். பொதுப்பணித் துறையில் பாதி சர்வீஸை கல்லணைக் கால்வாயிலேயே கழித்தவர். தஞ்சாவூரில் யாரும் அதைக் கல்லணைக் கால்வாய் என்று சொல்வதில்லை, எல்லோருக்கும் அது புதாறு. அந்தப் புதாற்றங்கரையில் புல்லட்டில் போய் வந்தே தலை நரைத்தவர். "வாய்க்கால் கரைன்னா ஏத்தம் எப்படி மாப்ளே இருக்கும்? தண்ணி மேட்டுல ஏறுமா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

இங்கிலாந்தில் கால்வாய்க் கரைப் பாதையை டோபாத் என்கிறார்கள். டோ என்றால் கயிறு கட்டி இழுப்பது. இன்றைக்கு நாய் பிடித்துக்கொண்டு போகிறவர்களும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்களும், என்னைப் போன்ற மூட்டுக்காரர்களும் நடக்கிற இந்தப் பாதை மனிதர்களுக்காகப் போட்டதே இல்லை. குதிரைக்காகப் போட்டது. வண்டியில் ஒன்றிரண்டு டன் இழுக்கத் திணறும் குதிரை, படகில் கட்டிவிட்டால் இருபது முப்பது டன் நிலக்கரியைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது, குதிரைக்கு இழுப்பு மட்டும்தான் வேலை. குதிரை நின்றுவிடக் கூடாது, மேட்டில் மூச்சு வாங்கக் கூடாது, கயிறு எதிலும் மாட்டக் கூடாது. ஆகவே பாதை தண்ணீரை ஒட்டியே, தண்ணீரின் மட்டத்திலேயே போகிறது. குதிரைகள் போய்விட்டன, பாதை மிச்சம்.

முதல் நாள் மகளே காரில் எல்ஸ்மியர் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனாள். அது ஷ்ராப்ஷயரில், இங்கிலாந்துப் பக்கம் இருக்கிறது. ஊரைச் சுற்றி ஏரிகள். அவர்கள் 'மியர்' என்கிறார்கள். ஊரை ஒட்டிய பெரிய ஏரிக்கு 'த மியர்' என்றே பெயர். அதன் கரையில் வாத்துகளும் அன்னங்களும் மனிதர்களிடம் கொஞ்சமும் பயமில்லாமல் காலைச் சுற்றி வந்தன. ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு. 1812-ல் மண் கொட்டி உண்டாக்கியது. நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து திரும்பி ஓடிய வருடம் என்பதால் அதற்கு மாஸ்கோ தீவு என்று பெயர். 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கிய எக்லண்டைன் ஜெப் 1876-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

அத்தானுக்குத் தீவிலும் அன்னத்திலும் மனம் போகவில்லை. கரையோரமாக நடந்துகொண்டே எதையோ தேடினார். "வரத்து வாய்க்கால் எங்கடா?" நான் என்ன கண்டேன். "சரி, கலிங்காவது எங்க? மதகு?" இதற்கு வந்து சேருகிற ஆறு என்று ஒன்று கிடையாது என்பதை மகள்தான் சொன்னாள். கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது பெரும் பனிக்கட்டிகள் மண்ணில் புதைந்து கிடந்தன. அவை உருகிய பள்ளங்கள்தான் இந்த ஏரிகள். நிலத்தடி ஊற்றும் மழையுமே வரத்து. அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுக்கு யாரும் குடிமராமத்துப் பார்க்க வேண்டியதில்ல. குடுத்துவச்ச ஏரி" என்றார்.

அங்கிருந்து கால்வாய்க்கு வந்து கிழக்கே நடந்தோம். சின்னதாக ஒரு சுரங்கம். எண்பது மீட்டர் இருக்கும், உள்ளேயே நடைபாதையும் உண்டு. அதைத் தாண்டியதும் பிளேக் மியர் ஏரி கால்வாயின் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவே மரங்கள் நிற்கிற ஒரு குறுகிய கரைதான். ஒரு பக்கம் பனி போட்டுவிட்டுப் போன தண்ணீர், மறு பக்கம் மண்வெட்டி வெட்டிய தண்ணீர். இரண்டும் ஒரே நிறத்தில் அசையாமல் கிடந்தன. இன்னும் கொஞ்ச தூரத்தில் கோல் மியர். இங்கிலாந்தில் வேறெங்கும் இல்லாத, சின்னஞ்சிறு மஞ்சள் அல்லி ஒன்று அந்த ஏரியில் பூக்கிறது. நாங்கள் போனது மே மாதம், பூ இன்னும் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். மூட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகள் எங்களை லாங்கொலன் ஊரில் ஒரு தங்கும் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். மூன்று நாள் நாங்கள் இருவர் மட்டும். லாங்கொலன் என்று நான் எழுதுவது வேல்ஸ்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். அந்த ஊர்ப் பெயரில் இரண்டு இடத்தில் வரும் எழுத்தை, நாக்கை ல சொல்ல வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை ஊதிச் சொல்ல வேண்டும். தங்கும் வீட்டு அம்மாள் பத்து முறை சொல்லிக் காட்டினார். எனக்கு வரவில்லை. பதிலுக்கு நான் 'வாழைப்பழம்' சொல்லிக் காட்டினேன், அவருக்கும் வரவில்லை. கணக்கு நேரானது.

திங்கள் காலை பஸ்ஸும் ரயிலும் பிடித்து சர்க் என்ற ஊரில் இறங்கினோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஆழமான பள்ளத்தில் கால்வாய் போகிறது. அங்கே ஒரு சுரங்கம். எல்ஸ்மியர் சுரங்கம் போல என்று நினைத்து உள்ளே நுழைந்துவிட்டோம். இது 421 மீட்டர். உள்ளே விளக்கு என்று ஒன்று கிடையாது. நுழைந்து ஐம்பது அடி போவதற்குள் முன்னால் ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும் தெரிந்தது, அதுவும் நாணயம் அளவு. கூரையிலிருந்து சொட்டு விழுந்து காலருக்குள் இறங்கியது. அத்தானின் போன் லைட் அரைவழியில் அணைந்தது. முந்தின நாள் ஏரிக்கரையில் அக்காவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டு சார்ஜ் போட மறந்துவிட்டாராம். என் போனை நான் தங்கும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கைப்பிடிக் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டு, அத்தானின் மங்கி குல்லாவின் குஞ்சத்தைக் குறிபார்த்து நடந்தேன். எதிரே ஒரு படகு தன் முன்விளக்கோடு வந்தபோதுதான் எங்களுக்கு வழி முழுதாகத் தெரிந்தது. படகோட்டி கை காட்டினார். விளக்குக்கு நன்றி சொன்னோம், அவருக்குக் காரணம் புரிந்திருக்காது.

அந்தச் சுரங்கம் போய் முடிகிற இடம் ஒரு பாலம். கால்வாய் பாலத்தின் மேல் போகிறது! கீழே கெய்ரியாக் ஆறு, 21 மீட்டர் ஆழத்தில். பத்து வளைவுகள் கொண்ட கல் பாலம், 1801-ல் திறந்தது. அதை ஒட்டி, அதைவிட உயரமாக இன்னொரு பாலம், 1848-ன் ரயில் பாலம். கால்வாய்க்காரர்களை ஒழித்துக்கட்டிய ரயில், அவர்கள் தலைக்கு மேலேயே பாலம் கட்டிக்கொண்டதைப் பார்த்தால் வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கிறது. நாங்கள் நின்றபோது மேலே ரயில் போயிற்று, கீழே ஆறு போயிற்று, எங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வாத்து ஒன்று கால்வாயில் போயிற்று. பாலத்தின் அந்தக் கோடியில் எல்லைப் பலகை. இங்கிலாந்தில் ஒரு காலும் வேல்ஸில் ஒரு காலுமாக அத்தான் நின்று படம் எடுக்கச் சொன்னார். எதில் எடுப்பது?

திரும்ப அதே சுரங்கம் வழியாக வந்து வடக்கே நடந்தோம். இனிமேல் ஆறு கிலோமீட்டர் சொச்சம், பெரிய பாலம் வரைக்கும். காட்டுப் பூண்டு வாசனை வழி முழுக்க வந்தது, மே மாதம் அதற்கு வெள்ளைப் பூ. ரசத்துக்குப் பூண்டு தட்டுகிற சமையலறைக்குப் பக்கத்திலேயே நடப்பது போல இருந்தது. எதிரே வருகிற ஒவ்வொருவரும் காலை வணக்கம் சொன்னார்கள். சைக்கிள்காரர் மணியடித்து, வேகம் குறைத்து, நன்றி சொல்லிப் போனார். தூண்டில்காரர் மட்டும் பேசவில்லை, தூண்டில் போடுகிறவர் எந்த ஊரிலும் பேசுவதில்லை.

பழைய பாலம் ஒன்றின் வளைவுக்கு அடியில் அத்தான் நின்று கையால் தடவினார். பாலத்தின் மூலையில், இடுப்பு உயரத்தில், விரல் புதைகிற ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளங்கள். உளியால் செதுக்கியது போல வழவழப்பாக இருந்தன. படகை இழுத்த கயிறு, தண்ணீரும் மணலும் கலந்து ஈரமாக, திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் அந்த மூலையில் உரசிப் போயிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் அப்படி. அம்மி தேய்வதைப் பார்த்திருக்கிறேன், கிணற்றங்கரைக் கல்லில் கயிற்றுத் தடம் பார்த்திருக்கிறேன். இது அதே தடம்தான், தண்ணீருக்குப் பதில் நிலக்கரியும் சுண்ணாம்பும் இழுத்த தடம். நான்கு விரலை நான்கு பள்ளத்தில் வைத்தேன், சரியாகப் பொருந்தியது.

வழியில் ஒரு படகை முந்தினோம். இந்தக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான படகு ஏழடிக்கும் குறைவான அகலம், நீளமோ எழுபதடி வரை போகும். ரயில் பெட்டியைத் தண்ணீரில் விட்டது மாதிரி. மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. அத்தோடு இந்தக் கால்வாயில் நீரோட்டம் எதிர்ப்பக்கம் என்பதால் படகு இன்னும் மெதுவாகப் போகும். அறுபதைத் தாண்டிய, ஊசி போட்ட மூட்டோடு ஒருவன் மோட்டார் படகை முந்துவது உலகத்தில் வேறெங்கும் நடக்காது. படகில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் சுக்கானைப் பிடித்திருந்தார், கணவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டோம். "சும்மா, அந்தப் பக்கம்" என்றார் அவர்.

ஃப்ரான்கசுல்த்தே கிராமத்தை நெருங்கியதும் பக்கத்து நிலம் மெல்லக் கீழே இறங்குகிறது, கால்வாய் இறங்க மறுக்கிறது. உண்மையில் நாம் மண் கரையின் முதுகில் நடக்கிறோம். கரையின் உயரம் 97 அடி. கட்டிய காலத்தில் பிரிட்டனிலேயே மிகப் பெரிய மண்வேலை அதுதான். எல்லாம் மண்வெட்டியும் தள்ளுவண்டியும். தண்ணீர் கசியாமல் இருக்கக் களிமண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து அடியில் பூசியிருக்கிறார்கள். "நம்ம ஊர்ல சுவருக்கு மண்ணு மிதிக்கிற மாதிரி" என்றார் அத்தான். ஆனால் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் பள்ளத்தாக்கு முடிகிற இடம் ஒன்று வரும். அங்கே கரை நின்றது. இரும்பு தொடங்கியது.

பொன்ட்கசுல்த்தே. உச்சரிப்புக்கு மன்னிக்கவும். கீழே டீ ஆறு போகிறது. 'டீ ஆறா? ஒரு கப் மொண்டு குடிக்கலாமா?' என்று அத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த டீ ஆறு. அதன் மேல் 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. தொட்டிக்குள் கால்வாய். நம்மிடம் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: தொட்டிப்பாலம். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூரில் பறளியாற்றின் மேல் நடந்தவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மாத்தூரில் தொட்டிக்குள் தண்ணீர் மட்டும் போகும். இங்கே தொட்டிக்குள் படகு போகும், மனிதர்களை வைத்துக்கொண்டு.

பாலத்தில் கால் வைத்து நாற்பது ஐம்பது அடி நடந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. மூட்டு இல்லை, இது வேறு. ஒரு பக்கம் கம்பி வேலி, அதற்கப்பால் மர உச்சிகள், அவற்றுக்கும் கீழே ஆறு. இன்னொரு பக்கம் கால்வாய். கால்வாயின் அந்தப் பக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அங்கே வேலி இல்லை. தண்ணீருக்கு மேல் ஒரு சாண்கூடத் தேறாத இரும்பு விளிம்பு, அதற்குப் பிறகு ஆகாயம். தண்ணீர் காற்றில் நின்றுகொண்டிருப்பது போல. வேலிக்கால் நடுவதற்கான துளைகள் விளிம்பில் இருக்கின்றன, வேலி மட்டும் கடைசி வரை போடவில்லை. குதிரைக்கு இந்தப் பக்கம் வேலி வேண்டும். படகுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

"மாப்ளே, கம்பியப் பிடி. கீழ பார்க்காத. நான் சொல்றத மட்டும் கேளு" என்றார் அத்தான். அப்புறம் அவர் பேசிய பேச்சில்தான் அந்தப் பாலத்தைக் கடந்தேன். தஞ்சாவூரில் சாதாரணமாக வாயே திறக்காத மனிதர்.

"தூணு எல்லாம் கல்லு. பதினெட்டு தூண். எழுபது அடிக்கு மேல உள்ள வெறும் கூடு. ஏன் சொல்லு? பாரம் குறையணும். சுண்ணாம்புச் சாந்துல மாட்டு ரத்தம் கலந்தாங்கன்னு சொல்றாங்க. தொட்டி இரும்பு, வார்ப்பு இரும்பு. பலகை பலகையா வார்த்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கான். இடுக்குல என்ன வச்சான் தெரியுமா? கம்பளித் துணிய சர்க்கரைப் பாகுல காய்ச்சி..."

"சர்க்கரைப் பாகா?"

"பாகுதான். அதத் திணிச்சு, மேல ஈயம் ஊத்தியிருக்கான். நட. 1795-ல ஆரம்பிச்சு 1805-ல முடிச்சான். 47,000 பவுண்டு. நிக்காத. இப்ப ஒரு கேள்வி. படகு வருது பாரு, பின்னாடி. நாம முந்தின படகு. அது எத்தன டன் இருக்கும்?"

"பதினஞ்சு இருக்குமா?"

"பதினஞ்சுன்னு வை. அது ஏறினா பாலத்துக்கு எவ்வளவு பாரம் கூடும்?"

"பதினஞ்சு."

"கூடாது. ஒரு கிலோகூடக் கூடாது. தன் எடைக்குச் சமமான தண்ணிய ஒதுக்கிட்டுத்தான படகு மிதக்குது? அந்தத் தண்ணி கால்வாய்ல அந்தண்டை இந்தண்டை போயிரும். படகு வந்தாலும் வராட்டியும் பாலத்துக்கு ஒரே எடை. வாத்து உக்காந்தாலும் அதே."

திரும்பிப் பார்க்காமலே ஒரு சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தேன். காலடியில் இருந்த நடைபாதையைத் தட்டிக் காட்டினார். இதுவும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் பாதைக்கு அடியிலும் போகிறது. படகு உள்ளே புகுந்தால் தண்ணீரை முன்னால் தள்ளும். வழி இல்லையென்றால் ஊசிக்குழலில் மருந்து தள்ளுவது போலத் திணறும். பாதையைத் தூக்கி வைத்து அதன் அடியில் இடம் விட்டதால் தண்ணீர் படகைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுகிறது. "இத யோசிச்சவன் கையக் கும்பிடணும்" என்றார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

யோசித்தவர்கள் இரண்டு பேர். தாமஸ் டெல்ஃபோர்ட், ஸ்காட்லாந்தில் ஓர் ஆட்டிடையனின் மகன், கல் கொத்தனாராகத் தொடங்கியவர். வில்லியம் ஜெசப், அவருக்கு மேலே இருந்த தலைமைப் பொறியாளர். பெயர் டெல்ஃபோர்டுக்குப் போயிற்று, ஜெசப்பின் பெயரைப் பலகைகளில் சின்ன எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. அத்தானுக்கு அதில் சொந்த வருத்தம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன், திறப்பு விழாக் கல்வெட்டு பார்த்த எந்தப் பொறியாளருக்கும் இருக்கும். இரும்பை வார்த்துக் கொடுத்தவர் வில்லியம் ஹேசல்டைன், பக்கத்திலேயே வார்ப்படச்சாலை வைத்திருந்தவர்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டினார்களே, எங்கே போவதற்கு? அங்கேதான் வேடிக்கை. திட்டப்படி கால்வாய் பாலத்தைத் தாண்டி வடக்கே செஸ்டர் வரை போக வேண்டும். பணமும் மனமும் வற்றிவிட்டன. பாலம் முடிந்து கொஞ்ச தூரத்தில், ட்ரெவர் என்ற இடத்தில், ஒரு படகுத் துறையோடு பெருவழி நின்றுவிட்டது. யுனெஸ்கோ 2009-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்தப் பாலம், போக வேண்டிய ஊருக்குப் போகாத கால்வாயின் பாலம். அந்தத் துறையில் உட்கார்ந்து டீ குடித்தேன், கை நடுங்குவது நிற்கும் வரைக்கும். பிறகு படகும் வந்து சேர்ந்தது. சுக்கான் பிடித்த அம்மாள், பயப்படவே இல்லை என்றார். அவர் பக்கத்தில்தான் வேலி கிடையாது.

பராமரிப்புக்காகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தால் நடுவில் இருக்கும் ஒரு மூடியைத் திறக்கிறார்கள், தண்ணீர் நேராக டீ ஆற்றில் விழும். சுமார் 15 லட்சம் லிட்டர். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுமாம். குளியலறைத் தொட்டிக்கு அடைப்பான் எடுப்பது போலத்தான், கொஞ்சம் உயரம் மட்டும் அதிகம்.

செவ்வாய்க்கிழமை ட்ரெவரிலிருந்து, நின்றுபோன பெருவழிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கிளைக் கால்வாயின் கரையில், லாங்கொலன் வரை ஏழு கிலோமீட்டர் நடந்தோம். அழகில் அதுதான் முதல். மலைச்சரிவின் இடுப்பில் கயிறு கட்டியது போலக் கால்வாய் போகிறது, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கீழே பள்ளத்தாக்கு. சில இடங்களில் ஒரே ஒரு படகு போகத்தான் அகலம், முன்னால் ஆளை ஓடவிட்டு எதிரே படகு வருகிறதா என்று பார்க்கிறார்கள். அத்தான் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சரிவில் போகும் கால்வாய்க்குக் கீழ்க்கரைதான் ஆபத்து என்றார். சொல்லி வாய் மூடவில்லை, நாங்கள் நின்றது சன் ட்ரெவர் பக்கம். 1945 செப்டம்பரில் இங்கேதான் கரை உடைந்தது. கீழே போன ரயில் பாதையின் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அதிகாலையில் வந்த தபால், சரக்கு ரயில் அதில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். அத்தான் கரையோரத்தில் குனிந்து ஈரம் பார்த்தார், பழக்கதோஷம். ராத்திரியில் கரை சுற்றி வர ஓர் ஆள், நம் ஊர் லஸ்கர் போல, இருந்திருந்தால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கரை உடைவதற்கு முந்தின வருடமே, 1944-ல், இந்தக் கால்வாயில் படகுப் போக்குவரத்தைக் கைவிடச் சட்டம் போட்டாகிவிட்டது. சரக்கு இல்லை, ரயிலும் லாரியும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டன. அப்படிக் கைவிட்ட கால்வாய்கள் பல தூர்ந்தன. இது தூரவில்லை. காரணம் அழகில்லை, பாரம்பரியமும் இல்லை. செஷயர் பக்கத்து ஊர்களுக்குக் குடிநீர் இந்தக் கால்வாய் வழியாகத்தான் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1.2 கோடி காலன், கால்வாயின் மறு கோடியில் உள்ள ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு. படகு எதிர்நீச்சல் போட்டதும் அதனால்தான். குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்பதற்காகக் கரையை விடாமல் பழுது பார்த்தார்கள், அந்தக் கரையில் நாங்கள் நடந்தோம். 2012-லிருந்து கால்வாய்களை ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. புல் வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் சம்பளமில்லாத் தொண்டர்கள் போலத் தெரிந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், கையுறை போட்டுக்கொண்டு, வேலையைவிடப் பேச்சு அதிகமாக. நம் ஊரிலும் வாய்க்கால் கரையில் ஆள் நடமாட்டம் இருந்தவரை குப்பை விழவில்லை என்றார் அத்தான். நான் மறுக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். லாங்கொலனில் கால்வாய் ஊருக்கு மேலே இருக்கிறது. கடைத்தெருவிலிருந்து படகுத் துறைக்கு ஏறுகிற சரிவு சின்னதுதான், ஆனால் செங்குத்து. பாதையில் ஏற்றம் கிடையாது, பாதைக்குப் போகத்தான் ஏற்றம். இதை எந்தச் சுற்றுலாத் துண்டுப்பிரசுரமும் சொல்லவில்லை. மூன்று இடத்தில் நின்று ஏறினேன்.

மேலே போனதும் கோபம் தணிந்துவிட்டது. துறையில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. உயிருள்ள குதிரை, குளம்பைச் சுற்றி வெள்ளை மயிர், தலையில் சேணவார். 1884-லிருந்து இங்கே சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிக் குதிரை இழுக்கிறது. ஊருக்கு மேற்கே கால்வாய் ரொம்பக் குறுகிவிடுவதால் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை, குதிரைக்கு உண்டு. புதன்கிழமை நாங்கள் அந்தக் குதிரையின் பின்னாலேயே நடந்தோம். கயிறு முதலில் தொய்ந்திருந்தது. குதிரை முன்னால் சாய்ந்தது. ஒரு கணம் ஒன்றும் நகரவில்லை. பிறகு கயிறு இறுகி நீர் சொட்டியது, படகு அசைந்தது, அதற்கப்புறம் குதிரை சாதாரணமாக நடந்தது. நாற்பது பேர் இருந்த படகை இழுக்கிற எந்தப் பாடும் அதன் முகத்தில் இல்லை. குளம்புச் சத்தம் தவிர வேறு சத்தமும் இல்லை. அதன் நடைக்கு என் நடை சரியாக இருந்தது, இந்தப் பாதை அந்த வேகத்துக்குத்தான் போட்டது.

குதிரை ஓரிடத்தில் திரும்பிவிட்டது. நாங்கள் மேலும் நடந்து கால்வாய் தொடங்குகிற இடத்துக்குப் போனோம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். பெயர் குதிரைலாட அருவி. குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், இடுப்பு உயரம்கூடத் தண்ணீர் விழாது. ஆனால் அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "இது அருவி இல்லடா. அணைக்கட்டு."

டீ ஆற்றின் குறுக்கே 140 மீட்டர் நீளத்துக்கு, லாடம் போல வளைத்து டெல்ஃபோர்ட் கட்டிய தடுப்பு, 1808-ல் முடிந்தது. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சமே கொஞ்சம் உயர்த்தி, வேண்டிய தண்ணீரை மட்டும் பக்கத்தில் கால்வாய்க்குத் திருப்பி, மீதியை ஆற்றுக்கே விட்டுவிடுகிறது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டடம், எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கும் மானி அதற்குள். வளைவின் மேல் தண்ணீர் ஒரே கனத்தில், கண்ணாடித் தகடு மாதிரி வழிந்தது. எங்கேயும் தடித்ததில்லை, எங்கேயும் மெலிந்ததில்லை.

"கல்லணையும் நேரா இல்ல, தெரியுமில்ல?" என்றார். "வளைஞ்சுதான் இருக்கும்."

அரைமணி நேரம் அங்கேயே இருந்தோம். இந்த வாயிலிருந்து சர்க் பாலம் தாண்டி வரை 18 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கூட இல்லை என்று சொன்னார். லாக் என்றால் படகை மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற கதவுத் தொட்டி. மலை நாட்டில் ஒரு படிகூட இல்லாமல் பதினெட்டு கிலோமீட்டர். அதற்காகத்தான் சுரங்கம், அதற்காகத்தான் 97 அடி மண்கரை, அதற்காகத்தான் சர்க்கரைப் பாகில் தோய்த்த கம்பளி. "ஒரு லெவல விட்டுக்குடுக்காம இருக்கறதுக்கு எவ்வளவு செலவு பாரு" என்றார், பாராட்டா புகாரா என்று தெரியாத குரலில்.

போக நினைப்பவர்களுக்கு: ஷ்ரூஸ்பரி–செஸ்டர் ரயிலில் சர்க் நிறுத்தத்தில் இறங்கலாம், அல்லது ருவாபனில் இறங்கி லாங்கொலனுக்குப் பஸ் பிடிக்கலாம். பாதைக்குக் கட்டணம் இல்லை. மே மாதத்திலும் காதுக்குக் குல்லா வேண்டும். சுரங்கத்தில் விளக்கு கிடையாது, ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.